மதினியின் ஊதாப் பொட்டு

போன வாரம் சர்க்கரை டெஸ்டுக்காக ஒரு லேபில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிறு. காபி குடிக்காத தலைவலி. அந்த நேரம் பார்த்து கவுண்டரில் ஒரு சண்டை.

நாகர்கோவில் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. தன் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் வாங்க வந்திருக்கிறார். இன்னும் ரெடியாகவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எத்தன தடவ வாரது? மெஷின்ல போட்டா வந்துரப் போகுது. இதுக்கு இம்புட்டு நாளா?”

“மெஷின் அல்ல சாரே... டாக்டர் நோக்கணும்.” டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று கவுண்டர் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

“டாக்டரா? டாக்டர் ஆஸ்பத்திரியில இருக்காரு. இங்க ஏது டாக்டர்?”

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்விதானே? போன வருஷம் வரை நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

போன வருஷம் சில வாரங்கள் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. உடம்புக்கு என்ன என்று பலர் விசாரித்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. என் மதினிக்குத்தான். இதை எழுதட்டுமா என்று இந்த வாரம் அவளிடமே கேட்டேன்.

“எழுது. ஆனா பாவம், பாவம்னு எழுதாத. எனக்குப் பிடிக்காது.”

எழுதவில்லை மதினி.

வடிவு மதினி என் அண்ணன் மனைவி. தென்காசிக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து திருவனந்தபுரம்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு பேரும் மெஸ் நடத்துகிறார்கள். லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்கள், நம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று மத்தியானம் இலை விழுந்துகொண்டே இருக்கும். அண்ணன் கல்லாவில். மதினி அடுப்படியில். யார் முதலாளி என்று மட்டும் கேட்காதீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் மதினிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். யாராவது இழுத்தால், “போயிட்டு வந்தாச்சு” என்பாள். ஏதோ ராமேஸ்வரம் போய்விட்டு வந்த மாதிரி!

அவள் மகள் உமாவுக்கு நிச்சயதார்த்தம். தன் புது ரவிக்கைக்குப் பின்னால் கொக்கி மாட்ட முடியவில்லை என்று மதினி என்னைக் கூப்பிட்டாள். மாட்டிவிட்டு முன்னால் வந்து முந்தானையைச் சரிசெய்தபோதுதான் பார்த்தேன். ரேடியேஷன் கொடுத்த மார்பில், ரவிக்கை விளிம்பை ஒட்டி, ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. சாந்துப் பொட்டு சைஸ்.

“என்ன மதினி இது?”

“அண்டாவத் தூக்கையில இடிச்சிருக்கும்.”

“எப்போ இடிச்சுது?”

“இடிக்காத நாள் உண்டா? நீ பூவ வையி, மாப்பிள்ள வீட்டுக்காரவ வந்துட்டாவ.”

நிச்சயம் முடிந்தது. கல்யாணத்துக்குத் தேதியும் குறித்தாயிற்று. அடிபட்ட கன்றல் என்றால் என்ன ஆகும்? பச்சையாகும், மஞ்சளாகும், போய்விடும். இது போகவில்லை. பக்கத்திலேயே இன்னொரு சின்னப் பொட்டு வேறு. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நச்சரித்து, ஒருவழியாக ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நிதானமாகப் பார்த்தார். ரேடியேஷன் வாங்கிய தோலில் இப்படிச் சில மாற்றங்கள் வருவதுண்டு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று, மரத்துப்போக ஊசி போட்டு மிளகு அளவுக்குத் தோலை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை.

மெஸ்ஸில் அன்றைக்குப் பால் பாயசம். இலையில் உட்கார்ந்த எல்லோருக்கும்! எதற்கு என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. பாயசத்தை யார் விசாரிக்கிறார்கள்?

ஒரு வாரம் போயிருக்கும். நான் இந்தப் பத்தியைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். மதினியின் போன் எப்போதும் அரிசி மூட்டை மேல் கிடக்கும், எடுக்க மாட்டாள் என்பதால் ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.

“வடிவு என்ற பேஷன்டின் வீடுதானே? நான் பேத்தாலஜியில் இருந்து டாக்டர் பிந்து. அவங்க ரிப்போர்ட் எழுதினது நான்தான்.”

கொஞ்சம் மலையாள வாடையடிக்கும் தமிழ். மெதுவான குரல்.

“அதில் ரண்டாவது வரி நீங்க வாசிச்சோ?”

ரண்டாவது வரியா? அப்படி ஒன்று இருந்ததா? அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ‘அனுப்பப்பட்ட திசுவில் புற்றுநோய் காணப்படவில்லை’ என்பதற்குக் கீழே – ரத்தக் குழாய்கள் சற்று வித்தியாசமாக இருக்கின்றன, எடுத்த துண்டு மேலாக இருப்பதால் ஆழமாக இன்னொரு துண்டு தேவைப்படலாம் என்று நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தது. நாங்கள் முதல் வரியோடு பாயசம் காய்ச்சப் போய்விட்டோம்.

“இன்னொரு துண்டு வரும்னு காத்திருந்தேன். வரல்ல. அதான் விளிச்சேன். எனிக்கு ஒரு சம்சயம் உண்டு. பேஷன்டை நான் ஒண்ணு பார்க்கலாமோ?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்மைத் தேடி ஒரு டாக்டர் போன் செய்வதா? அதுவும் இந்த டாக்டர்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரு நம்பர், ஒரு கண்ணாடித் துண்டு. நமக்கு அவர்கள், ரிப்போர்ட்டின் அடியில் கோழி கிறுக்கின ஒரு கையெழுத்து.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு மெஸ்ஸுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இல்லன்னு அவங்களே எழுதித் தந்தாச்சு. பெறவு என்னத்துக்கு நோண்டணும்? கல்யாணத்த வச்சுக்கிட்டு... நீ ஒருத்தி, எதையாவது தூக்கிக்கிட்டு வந்துருத.”

மதினி பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு தடவ அந்த வாசல மிதிச்சுட்டு வந்தவ. இனி மிதிக்க மாட்டேன்.”

“ஊசி கத்தி ஒண்ணும் இல்ல மதினி. அவங்க சும்மா பாக்கணும்கிறாங்க, அவ்வளவுதான்.”

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு, “முன்னபின்ன பாக்காத பொம்பள, என்னைய எதுக்குத் தேடுதா?” என்றாள். அந்தக் கேள்விதான் அவளைக் கிளப்பியது. மறுநாள் சமையலை உமாவிடம் விட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினாள்.

டாக்டர் பிந்துவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, கண்ணாடி. மேஜை முழுக்க ஸ்லைடு அடுக்கிய அட்டைத் தட்டுகள். நடுவில் மைக்ராஸ்கோப். கதவைச் சாத்திவிட்டு, மதினியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு பொட்டுகளுக்கும் நடுவே விரலால் லேசாக அழுத்தினார். எங்கள் கண்ணுக்கு ரேடியேஷன் கறுப்பு என்று தெரிந்த இடத்தில், மங்கலாக ஒரு சிவப்பு படர்ந்திருந்தது. அவர் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மதினி நேராகவே கேட்டுவிட்டாள். “நீங்கதான, டாக்டர், நோய் இல்லன்னு எழுதியிருக்கிய? இப்ப நீங்களே கூப்பிட்டா என்ன அர்த்தம்?”

“சேச்சி, எனிக்குக் கிட்டினது ஒரு குருமுளகு அளவு. அதில் இல்லை. கிட்டாத இடத்தைப் பத்தி நான் ஒண்ணும் எழுதியில்லை.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாவ...”

“இந்தப் பானைக்குப் போதாது, சேச்சி.”

மதினி அவரையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“அண்டாச் சோத்துக்கும் போதாதுதான். மேல வெந்திருக்கும், நடுவுல அரிசியா நிக்கும். கரண்டிய உள்ள விட்டுத்தான் பாக்கணும்.” ரவிக்கையைச் சரிசெய்துகொண்டே, “சரி, எடுத்துக்கிடுங்க” என்றாள்.

அவ்வளவுதான். நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் நடந்திருக்காது.

முன்பு ஆபரேஷன் செய்த சர்ஜனே இந்த முறை ஆழமாக, இரண்டு இடத்தில் திசு எடுத்தார். அப்புறம் காத்திருப்பு. அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது, ரிப்போர்ட் ஏன் லேட்டாகிறது என்று. திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, காகிதத்தை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, அதற்குப் பிறகு ஒரு மனுஷி குனிந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு யோசிக்க வேண்டும். யோசிக்கிறதை எந்த மெஷினில் போடுவது?

ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். டாக்டர் பிந்து என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆஞ்சியோசார்கோமா” என்றார்.

நான் கேள்விப்படாத பெயர். புரியும்படி சொன்னார். ரத்தக் குழாயின் உள்சுவரில் ஓர் அடுக்குச் செல்கள் இருக்கும். அந்தச் செல்களிலேயே வருகிற புற்று. ரொம்ப அபூர்வம். ரேடியேஷன் வாங்கிய இடத்தில், வருஷங்கள் கழித்து, மிகச் சிலருக்கு வரும். தொட்டால் கட்டியாகத் தெரியாது, வலிக்காது. பார்க்கக் கன்றல் மாதிரியே இருக்கும். அதனாலேயே ஏமாற்றிவிடும்.

“நோக்குறீங்களோ?” என்று கேட்டார். அந்த மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எதிரே உட்கார்ந்து கண்ணை வைத்தேன்.

முதலில் நல்ல இடத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் உள்ளே தட்டையாக, ஒழுங்காக, ஊதாப் புள்ளிகள். பிறகு ஸ்லைடை நகர்த்தினார். வட்டம் போய்விட்டது. போக இடமில்லாத இடத்தில் எல்லாம் பிளந்துகொண்டு போகிற கோணல்மாணலான சந்துகள். அவற்றில் பெரிதும் சிறிதுமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற கறுத்த புள்ளிகள். எனக்கு டாக்டர் படிப்பில்லை. ஆனாலும் என்னவோ சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக இருந்தது. பட்டுப் புடவை நிறங்கள். அழகு என்று தோன்றிய அடுத்த கணம், இது மதினி ஆயிற்றே என்று உறைத்தது. கண்ணை எடுத்துவிட்டேன்.

“இது வெறும் ரேடியேஷன் மாற்றமாக இருக்கலாம் இல்லையா டாக்டர்?”

“அதுதான் என்டெ சம்சயமும்.” அவர் இன்னொரு ஸ்லைடை வைத்தார். “ஒரு தனிச் சாயம் உண்டு. சாதாரண மாற்றத்தில் அது பிடிக்காது. இந்த நோயில் பிடிக்கும்.” ஊதாப் புள்ளிகள் இருந்த இடமெல்லாம் இப்போது பழுப்பு. காப்பிக்கொட்டை வறுத்த நிறம். வரிசை வரிசையாக.

“என்டெ டீச்சர் ஒருத்தர் வேற ஊரில் இருக்கார். அவருக்கும் ஸ்லைடு அனுப்பினேன். நான் சொன்னது தெற்று, தப்புன்னு அவர் சொல்லணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்லல்ல.”

ரிப்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்தேன். அறைக்கு வெளியே யாரோ டிரேயை உருட்டிக்கொண்டு போனார்கள்.

மெஸ்ஸுக்குத் திரும்பினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தான். கேட்டான். சொன்னேன். சந்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“கல்யாணம் முடியட்டும் கோமதி. அதுவரைக்கும் அவகிட்ட சொல்லாண்டாம். ஒண்ணுமில்லன்னு சொல்லிருவோம்.”

“என்ன, புருஷனும் நாத்தனாரும் ரோட்டுல நின்னு பேசுதிய?” – மதினி பின்னாலேயே நிற்கிறாள். கையில் கரண்டி. “ரிப்போர்ட் வந்துட்டுல்லா? சொல்லு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா? அவளுடைய உடம்பு அது. பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் நிற்கவில்லை.

“பேரு கூட வாயில நுழையல” என்றாள். உள்ளே போய், அடுப்பில் கொதித்த குழம்பை இறக்கினாள். அப்புறம் முற்றத்துக் குழாயடியில் போய் உட்கார்ந்து, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். அண்ணன் போய் அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தான்.

மறுநாள் உமாவும் எங்களோடு வந்தாள். மதினி சர்ஜனிடம் கேட்ட முதல் கேள்வி: “கல்யாணம் முடிஞ்சு பண்ணலாமா?”

“உங்க இடத்தில் என் அக்கா இருந்தா, காத்திருக்க விட மாட்டேன்மா” என்றார் அவர். திசு எடுத்த சமயத்திலேயே பார்த்த ஸ்கேனில் நோய் வேறு எங்கும் இல்லை. இதுவே நல்ல நேரம். ரேடியேஷன் வாங்கிய தோல் முழுவதையும் மார்போடு எடுத்துவிட்டு, முதுகிலிருந்து சதை எடுத்து மூட வேண்டும். பெரிய ஆபரேஷன்தான். கன்றல் என்று இன்னும் சில மாதங்கள் விட்டிருந்தால் இந்த அளவில் நின்றிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்ததும் மதினி என் போனை வாங்கினாள். சம்பந்தி அம்மாளுக்கு அவளே போட்டாள்.

“சம்பந்தியம்மா, எனக்குத் திரும்பவும் வந்திருக்கு. மூடி மறைச்சுக் கல்யாணம் பண்ண எனக்கு மனசு வரல. தேதியத் தள்ளணும். உங்களுக்கு யோசனையா இருந்தா அதையும் சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். உமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் குரல் கேட்டது.

“யோசனை என்ன யோசனை? நீங்க வந்து தாலி எடுத்துக் குடுக்காம என் மவனுக்குக் கல்யாணமா? மொதல்ல உடம்பப் பாருங்க. நாள் எங்க ஓடிப்போவப் போகுது.”

மெஸ்ஸில் அழுததை விட மதினி அன்றைக்கு ஆட்டோவில் அதிகம் அழுதாள்.

ஆபரேஷன் நடந்தது. எடுத்த திசு மறுபடியும் டாக்டர் பிந்துவின் மேஜைக்குத்தான் போனது. இந்த முறை அவர் தேடியது ஓரங்களை. எடுத்த சதையின் விளிம்பு வரைக்கும் நோய் வந்திருந்தால், உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். விளிம்பெல்லாம் சுத்தம். அதைச் சொல்லவும் அவரே போன் செய்தார். நான் எல்லா வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே படித்தார்.

அதற்குப் பிறகு கீமோ. தலைமுடி போனது. கை விரல்களில் மதமதப்பு. தாளிக்கும் வாசனையே ஆகாமல் சில மாதங்கள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. உமாவும் அண்ணனும் சமைத்தார்கள். வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள்... பெரிய மனசு!

கல்யாணம் இந்தத் தை மாதம் நடந்தது. குட்டை முடியில் பூவைக் குத்திக்கொண்டு மதினி நின்றாள். டாக்டர் பிந்துவும் வந்திருந்தார். ஒரு பேஷன்ட் தன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னார். மதினி அவரைக் கையைப் பிடித்து முதல் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “இவங்க யாரு?” என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, “என் டாக்டர்” என்றாள். “எந்த ஆஸ்பத்திரி? என்ன மருந்து குடுக்காவ?” என்று கேட்டார்கள். மதினிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “மருந்து குடுக்க மாட்டாவ. கண்டுபிடிப்பாவ” என்றாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ரேடியேஷனே வேண்டாம் என்று ஓடிவிடாதீர்கள். அந்த ரேடியேஷன்தான் மதினியை முதல் தடவை மீட்டுத் தந்தது. இப்படி ஆவது அபூர்வத்திலும் அபூர்வம். ரேடியேஷன் எடுத்த இடத்தில் போகாத கன்றல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

‘ஒண்ணுமில்ல’ என்ற வார்த்தையை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! அண்ணன் பாசத்தில் சொல்லப் பார்த்தான். மதினி பயத்தில் சொன்னாள். கேட்கவும் நமக்கு அதுதான் பிடிக்கிறது. ஒரே ஒரு பெண், ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று தான் எழுதியதன் மேலேயே திரும்ப வந்து நின்றார். முகம் தெரியாத ஒருத்திக்காக. வேலை முடிந்தது என்று அந்த ஸ்லைடை அடுக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

மதினி இப்போது பழையபடி அடுப்படியில். சில மாதங்களுக்கு ஒரு தடவை செக்கப். இனி வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

செக்கப்புக்கு முந்தின நாள் மட்டும் மெஸ்ஸில் சாம்பாருக்கு உப்பு கூடிவிடும்... யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.